அவள் பெயரில் குணமானவள்

நான் என் நாத்தனாரின் பெயரைத் திருடினேன்.

நகையைத் திருடியிருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். பெயரை எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஏழு வருடமாக, மாதம் ஒரு வியாழக்கிழமை, அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார்த்து, அவள் பெயரில் மாத்திரை வாங்கி, என் வாயில் போட்டு விழுங்குகிறேன். நோயும் என்னுடையது, சுகமும் என்னுடையது... பெயர் மட்டும் அவளுடையது!

மனநல மருத்துவரிடம் போனதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அதைச் சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். போகாவிட்டால் இன்று இதை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம். போனது சரி. போன விதம்தான் தவறு.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்கும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். ராமநாதபுரம் கடற்கரையில் ஓர் ஊர் என்பதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள், என் பொய்க்கு அவர்கள் பொறுப்பில்லை. இதில் வரும் பெயர்களையும் மாற்றிவிட்டேன். பெயர் மாற்றுவதில் நான் எவ்வளவு கைதேர்ந்தவள் என்பது போகப் போக உங்களுக்கே தெரியும்.

என்னை ஜமீலா என்று வைத்துக்கொள்ளுங்கள். என் நாத்தனாரை ரஹ்மத் நிஷா என்று.

மகன் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் ஷார்ஜாவில் லாரி ஓட்டுகிறார். பிள்ளையின் முகத்தைப் போனில்தான் பார்த்தார். வீட்டில் மாமி, நான், ரஹ்மத், பிள்ளை. மாமி என்றால் என் மாமியார். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

அப்போதுதான் அது வந்தது. எது? அதற்குப் பெயர் தெரிந்திருந்தால் பாதி பயம் குறைந்திருக்குமே! காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடிக்கும். அடுப்பில் சோறு தீய்ந்து நாறும். நான் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பேன். பிள்ளை அழுதால், யார் வீட்டுப் பிள்ளையோ அழுகிறது, அந்த வீட்டில் ஒருவரும் இல்லையா என்று தோன்றும். பெற்றவளுக்குத் தோன்றக்கூடிய நினைப்பா இது? நான் மனுஷிதானா என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

மாமி தன்னால் ஆனதைச் செய்தார். ஓதி ஊதிய தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கண்ணேறு பட்டிருக்கிறது என்று மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார். நான் குடித்தேன், சுற்றவும் நின்றேன். மாமியின் மேல் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

பிறகு மதுரைக்குப் போனேன், என் உம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு. தனியார் டாக்டர். நல்ல மனிதர்தான். பதினைந்து நாள் மாத்திரையில் முதல் முறையாக ஒரு வாய் சோறு ருசித்தது. ஆனால் மாதாமாதம் வர வேண்டும், குறைந்தது ஒரு வருடம் என்றார். டாக்டர் காசு, மாத்திரைக் காசு, இரண்டு பேருக்குப் பஸ் காசு... கணக்குச் சொல்லி உங்களைச் சலிப்பாக்க மாட்டேன். முடியாது, அவ்வளவுதான்.

காப்பீடு இல்லையா என்று கேட்பீர்கள். வீட்டுக்காரருக்குக் கம்பெனி கொடுத்த அட்டை இருந்தது. அங்கே அவருக்குக் காய்ச்சல் வந்தால் செல்லும், இங்கே எனக்குச் செல்லாது. அரசாங்க அட்டையும் இருந்தது. கேட்டுப் பார்த்ததில், படுக்கையில் சேர்த்தால், அறுவை சிகிச்சை என்றால் செல்லும் என்றார்கள். நெஞ்சு படபடப்புக்கு எதை அறுப்பது?

வழியைக் காட்டியவர் பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்த நர்சம்மா. ஊசியைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மாமி உள்ளே போன நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, வியாழக்கிழமைதோறும் அரசு ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கும் டாக்டர் வருகிறார், மாத்திரை எல்லாமே இலவசம், பிள்ளை பெற்ற எத்தனையோ பேருக்கு இது வருகிறது, வெட்கப்படாதே என்றார். எனக்கு உயிர் வந்தது. அன்று மாலை எனக்கும் பிள்ளைக்குமாகச் சேர்த்து அழுதேன்.

மாமியிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது? பல் வலி என்றேன். மனம் கெட்டுப்போனால்தான் ஊர் பேசும். பல் கெட்டுப்போனால் யார் பேசப் போகிறார்கள்?

கிளம்பும் அவசரத்தில் என் கைப்பையின் ஜிப் பிய்ந்துவிட்டது. கொடியில் தொங்கிய ரஹ்மத்தின் பையை எடுத்துக்கொண்டேன். அவளும் எடுத்துக்கோங்க மச்சி என்றாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மச்சி என்றுதான் அழைப்பார்கள்.

இங்கேதான் நீங்கள் என்னைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரி ஜன்னலில் ஆதார் இருக்கிறதா என்று கேட்டார்கள். என் ஆதார் என் பிய்ந்த பையில், வீட்டில் கிடந்தது. கை தன்போக்கில் பைக்குள் துழாவியது. ஏதோ விண்ணப்பத்துக்காக ரஹ்மத் எடுத்து வைத்திருந்த அவளுடைய ஆதார் நகல் கையில் வந்தது.

திருப்பி உள்ளே வைத்திருக்கலாம். ஆதார் கொண்டுவரவில்லை, என் பெயர் ஜமீலா என்று சொல்லியிருக்கலாம். பெயரைச் சொன்னால் போதும் என்று என் முன்னால் நின்றவருக்குச் சீட்டு எழுதினார்களே... அதைப் பார்த்துக்கொண்டுதானே நின்றேன்!

ஆனால் என் புத்தி அந்த ஒரு நிமிடத்தில் ஓடிய ஓட்டத்தைக் கேளுங்கள். முகத்தை மறைக்க எனக்குத் திரை இருந்தது. பெயரை மறைக்க எதுவும் இல்லை. உள்ளே நர்ஸ் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, ஊர் சொல்லி உரக்கக் கூப்பிடுவது ஜன்னல்வரை கேட்டது. ஜமீலா என்ற பெயர் ஊருக்குப் போனால், கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புத்தி சரியில்லை என்பார்கள். பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிவிடுவார்கள். ரஹ்மத்? நாள் முழுக்கச் சிரிக்கிற பெண். அவளைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ஊர் நம்பாது என்று நினைத்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

நினைத்துக்கொண்டே நகலை நீட்டினேன். ஆதார் படத்தில் யார்தான் தன்னைப் போல இருக்கிறார்கள்? எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீல அட்டை போட்ட சின்ன நோட்டு. மேலே ரஹ்மத் நிஷா, கீழே அவள் வாப்பாவின் பெயர், அதற்கும் கீழே எங்கள் ஊர்.

டாக்டரம்மா என்னைப் பேசவிட்டார். நடுவில் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்... பெயரைத் தவிர. இது ஒரு நோய், தாய்க்குப் பிரசவத்துக்குப் பிறகு வரக்கூடியது, சரியாகிவிடும் என்றார். சரியாகிவிடும் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

சரியானது! ஒரு மாதத்தில் தூக்கம் வந்தது. மூன்றாம் மாதம் பசி வந்தது. ஒருநாள் மதியம் பிள்ளை அழுதான்; ஐயோ என் பிள்ளை என்று ஓடினேன். ஓடிப்போய்த் தூக்கிய பிறகுதான் தெரிந்தது, என் கால்கள் தாமாக ஓடியிருக்கின்றன என்று. அந்தச் சந்தோஷத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

இடையில் இரண்டு முறை மாத்திரையைக் குறைத்துப் பார்த்தார்கள், படபடப்பு திரும்பி வந்தது. சிலருக்கு நீண்ட நாள் வேண்டியிருக்கும், சர்க்கரைக்குச் சாப்பிடுகிறார்கள் இல்லையா, அப்படி என்றார் டாக்டரம்மா. சரி என்றேன். இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இன்னும் சொல்வேன், அந்த வியாழக்கிழமைகள் எனக்குப் பிடித்துப்போயின. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காய்ந்த உப்பளத்தையும் கருவேலங்காட்டையும் பார்த்துக்கொண்டு போவேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கொரு சிநேகிதிகூட உண்டு. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமம், மிளகாய்க் காட்டில் வேலை, செல்லத்தாய் என்று பெயர். தன் புருஷனுக்கு மாத்திரை வாங்க வருவாள். என்னைக் கண்டதும் இடம் விட்டு நகர்ந்து, "ஏத்தா ரஹ்மத்து, இங்கன வந்து உக்காரு" என்பாள். வறுத்த கடலையை என் கையில் கொட்டுவாள். இவ்வளவு பிரியமாக என்னை யாரும் கூப்பிட்டதில்லை... கூப்பிடுவதோ அடுத்தவளின் பெயரைச் சொல்லி!

வீட்டில் பல் வலி தொடர்ந்தது. மாமி கிராம்பு வாங்கி வைத்தார். உப்புத் தண்ணீர் கொதிக்க வைத்தார். ஒரு வருடம் போனதும், என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாசா மாசம் ஒண்ணுன்னு வச்சாலும் இத்தனை பல்லு உனக்கு எங்கேயிருந்துடி வருது?" என்றார். ரஹ்மத் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்குச் சில மாதம் கழித்துத்தான் ரஹ்மத்துக்குச் சம்பந்தம் பேசி முடித்தோம். பக்கத்து ஊர் மாப்பிள்ளை, சொந்தமாகக் கடை. நிச்சயம் ஆகி, ஜமாஅத்திலும் சொல்லியாகிவிட்டது. ரஹ்மத் என்னிடம் வந்து, எந்த நிறப் புடவை என்று நாளுக்கு நாலு தடவை கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரத்தில் முறிந்தது. தோதுப்படவில்லை என்று ஒற்றை வார்த்தை. காரணத்தைத் தரகுப் பெண்மணிதான் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் சின்னம்மா ஆஸ்பத்திரியில் தன் காதால் கேட்டாராம், ரஹ்மத் நிஷா என்று பெயர் சொல்லி, வாப்பா பெயர் சொல்லி, ஊர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். திரை போட்ட ஒரு பெண் எழுந்து உள்ளே போனதாம். அந்தச் சின்னம்மா அங்கே எதற்குப் போனார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். முந்தைய வியாழக்கிழமை என் பக்கத்து பெஞ்சில், தன் மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பாவம், அவரும் ஒளிந்துதான் வந்திருப்பார்.

மாமி குர்ஆன் மேல் ஆணையாக என் மகள் அந்தப் பக்கம் அடியெடுத்து வைத்ததே இல்லை என்று கதறினார். உண்மையைத்தான் சொன்னார்! உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? உண்மையை ஆணையிட்டுச் சொன்னவரை யாரும் நம்பவில்லை. பொய்யைச் சுமந்தவள் நான், மாமிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு என் தலையைத் தடவினார்.

அன்று ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? பிள்ளைக்கு அப்போது ஒன்றரை வயது. சொன்னால் மாத்திரை நின்றுவிடும், மாத்திரை நின்றால் அந்தப் பழைய அடுப்படிக்கே திரும்பிப் போய்விடுவேன் என்று பயந்தேன். இது பாதி. மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன்... ரஹ்மத் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்று பயந்தேன். அவள் பெயரைவிட அவள் பார்வை எனக்குப் பெரிதாக இருந்தது.

ரஹ்மத் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் மஃரிப் தொழுதுவிட்டு, தொழுகை விரிப்பான முசல்லாவில் உட்கார்ந்தபடியே என்னைக் கூப்பிட்டாள்.

"மச்சி, நெசமாவே அந்தப் பேருல யாரோ ஒருத்தி இருக்கா. நம்ம ஊர்ப் புள்ளையாத்தான் இருக்கணும். பேருக்குப் பயந்து எம்பேரைக் குடுத்திருக்கா போல. யாருக்கும் தெரியாம என்ன பாடு படுறாளோ."

பிறகு கையை ஏந்தினாள். யா அல்லாஹ், என் பெயரில் இருக்கிற அந்தப் பிள்ளைக்குச் சுகத்தைக் கொடு என்று கேட்டாள்.

நான் ஆமீன் சொன்னேன். எனக்காகக் கேட்கப்பட்ட துஆ அல்லவா! அத்தனை மனமார நான் எந்த ஆமீனையும் சொன்னதில்லை.

அடுத்த வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் அதிரவில்லை. இங்கே பாதிப் பேர் பயந்துகொண்டுதான் வருகிறார்கள் என்றார். என் ஆதாரைக் கொண்டுவந்தால் என் பெயரில் வேறு நோட்டு போட்டுவிடலாம், இரண்டு நிமிட வேலை, ஆனால் அந்தப் பெண்ணிடம் நானேதான் பேச வேண்டும் என்றார். சரி என்றேன்.

அந்த இரண்டு நிமிடம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் முதலில் மாதா மாதம் கேட்டார். பிறகு எப்போதாவது கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, நோட்டைத் திறக்கும்போது மேல் அட்டையை ஒரு கணம் பார்ப்பார். அவ்வளவுதான்.

ரஹ்மத் முடங்கிப் போகவில்லை. பி.எட். படித்தாள், பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று வருடம் கழித்து அவளைத் தேடியே வந்தார் ஒருவர். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், ஊர் என்ன பேசியது என்பதைக் கேட்டுவிட்டும் வந்தார். அருமையான மனிதர். அந்தப் பழைய சம்பந்தம் முறிந்தது நல்லதற்குத்தான் என்று அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு குரல், பார்த்தாயா, உன்னால் அவளுக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது என்று குழையும். அந்தக் குரலை நான் வெறுக்கிறேன். நல்லது செய்தவன் அல்லாஹ். நான் செய்தது வேறு.

சென்ற வருடம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். நாற்பது நாள் கழிந்து ஒருநாள் அடுப்படியில் பால் பொங்கி வழிந்தது. அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு டாக்டரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. "இது எனக்குத் தெரியும்மா. இதுக்கு மருந்து இருக்கு, சும்மாவே தாராங்க. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் இல்லை.

மாமியிடம் பல் வலி என்றோம். "அவளுக்குமா?" என்று மாமி நாடியில் கை வைத்துக்கொண்டார்.

என் வழக்கமான வியாழனை விட்டு, வேறொரு வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். செல்லத்தாய் அன்று வர மாட்டாள் என்று தெரியும். பார்த்தீர்களா, நல்ல காரியத்துக்குப் போகும்போதுகூட என் மூளை எப்படி வேலை செய்கிறது! ஆனால் ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. ஜன்னலை நெருங்கும்போதுதான் உறைத்தது. ரஹ்மத் தன் பெயரைச் சொல்வாள். அந்தப் பெயரில் ஏற்கெனவே நோட்டு இருக்கிறதே, இத்தனை வருடமாக வருகிறீர்களே என்பார்கள். வாப்பா பெயர் சரி, ஊர் சரி. எல்லாம் வெளியே வந்துவிடும்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டே பேர்.

அப்போது ரஹ்மத் என் காதோரம் குனிந்தாள்.

"மச்சி, எம்பேருல ஏற்கெனவே ஒரு கதை இருக்கு. இப்ப நெசமாவே வந்தேன்னு தெரிஞ்சா, அன்னைக்கே சொன்னோம்லன்னு சொல்லிருவாங்க. உங்க பேரைச் சொல்லிக்கவா?"

கேட்டாள். பாருங்கள், அவள் என்னிடம் கேட்டாள்!

நான் உடனே தலையாட்டினேன். என் ஆதாரை எடுத்துக் கொடுத்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்காக எவ்வளவு பெரிய காரியம் செய்கிறார் மச்சி என்று அந்தக் கண் சொன்னது. நானோ தப்பித்தேன் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அவள் தியாகம் என்று நினைத்தது என் தப்பித்தலை.

நீல அட்டை நோட்டில் ஜமீலா பீவி என்று எழுதினார்கள். இத்தனை வருடத்தில் என் பெயரில் ஒரு நோட்டு... அதுவும் எனக்கில்லை.

முகத்திரையைத் தூக்காமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் ஜமீலா பீவி என்று கூப்பிட்டார். பழக்கமில்லாததால் ரஹ்மத் உட்கார்ந்தே இருந்தாள். நான்தான் முழங்கையால் இடித்தேன். நீங்களும் வாங்க என்று என் கையை இழுத்தாள். நான் போகவில்லை. டாக்டரம்மாவுக்கு என்னைத் தெரியுமே! பிள்ளையை நான் வைத்துக்கொள்கிறேன், நீ தைரியமாகப் போ என்றேன். பயந்து நடுங்கிய பெண்ணைத் தனியாக உள்ளே அனுப்பிவிட்டு, அவள் குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். என் பாவங்களில் எதை முதலில் எழுதுவது என்று தெரியாமல்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

அரைமணி நேரம் கழித்து வந்தாள். முகம் அழுது சிவந்திருந்தது, ஆனால் முகமாக இருந்தது. சரியாகிவிடும் என்று சொன்னார்கள் மச்சி என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அந்தக் கட்டிக்கொள்ளலில் பொய் இல்லை, சத்தியமாக இல்லை.

திரும்பும் பஸ்ஸில் பிள்ளை தூங்கிவிட்டது. எங்கள் மார்க்கத்தில் ஒன்று உண்டு. தொழுகையில் விட்டதை, நோன்பில் விட்டதை அல்லாஹ் நாடினால் மன்னிப்பான். ஆனால் ஓர் ஆளுக்கு இன்னோர் ஆள் செய்த தவற்றை, அந்த ஆள் வாயால் பொறுத்தால்தான் உண்டு. மாமி ஓயாமல் சொல்லும் சங்கதி. ரஹ்மத் மாமியின் மகள்.

"மச்சி, உங்க பேரை எடுத்துக்கிட்டேன். நாளைக்கு அதனால உங்களுக்கு ஒரு சொல் வந்தா அது எம்மேலதான். பொறுத்துக்கிட்டேன்னு வாயால சொல்லுங்க. இல்லாட்டி எனக்கு மனசு ஆறாது."

எந்த ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து கேட்க நான் ஆறு வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தேனோ, அதை என் வாயிலிருந்து கேட்டாள்.

"பொறுத்துக்கிட்டேன்மா" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். எழுப்பிச் சொல்லியிருக்கலாம். சுகமில்லாத பெண், இப்போது சொன்னால் தாங்குவாளா என்று ஒரு நியாயம் வந்தது. சுகமானதும் சொல்லலாம் என்று அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. நியாயங்களுக்கு என்னிடம் பஞ்சமே இருந்ததில்லை.

இப்போது அவள் சுகமாகிவிட்டாள். இதை எழுதுகிற இந்தச் சாயங்காலம், முற்றத்தில் மகளைத் தவழவிட்டுக் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். என் மகன் இரண்டாம் வகுப்பு. தங்கச்சிப் பாப்பாவுக்கு அ ஆ சொல்லிக் கொடுக்கிறானாம். மாமி நகரை மீன் வாங்கி வைத்திருக்கிறார், நான்தான் பொரிக்க வேண்டும். வீட்டுக்காரர் அடுத்த மாதம் லீவில் வாரேன் என்கிறார். இதைவிட எனக்கு என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அவளோடு ஒரு வியாழன், எனக்காக ஒரு வியாழன் என்று மாதம் இரண்டு தடவை போகிறேன். இரண்டு நோட்டும் என் பையில்தான், ஒன்றின் அடியில் ஒன்றாக.

போன முறை பஸ்ஸில், பிள்ளை உங்கள் மடியில் இருக்கிறது, பையை நான் வைத்துக்கொள்கிறேன் என்று கை நீட்டினாள். வேண்டாம் என்று பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, பையை நான் வைத்துக்கொண்டேன். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"எம்பேரைக் குடுத்தாள்ல ஒருத்தி, அவளுக்கு இன்னும் துஆ கேக்கிறேன் மச்சி. அவ பட்ட பாடு இப்பத்தானே தெரியுது. இப்ப எப்படி இருப்பா?"

"நல்லாத்தான் இருப்பா" என்றேன். பையை இன்னும் கொஞ்சம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.